பொத்தான் அமுக்கினால் சுடும் தரை

யான்ஜி
பிப்ரவரி 11, 2001

அன்புள்ள அம்மா,

நான் நலம். அப்பா நலம். அடுப்புதான் நலமில்லை, காலையில் எழுந்து பார்த்தால் செத்துக் கிடந்தது.

“இங்கே பொத்தானை அமுக்கினால் தரை தானாகச் சுடுகிறது” என்று எழுதியிருந்தாய். அதே வசதி நம் வீட்டிலும் உண்டு. அப்பாவை அமுக்கினால் போதும். முனகுவார், எழுவார், நிலக்கரி அள்ளிப் போடுவார், ஊதுவார், இருமுவார். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அடுப்புச் சூடு தரைக்கு அடியில் பரவி, தரை சுடத் தொடங்கும். உங்கள் பொத்தான் இருமுமா? “இந்தக் குளிர்ல உன் அம்மா என்ன பண்றாளோ”ன்னு புலம்புமா? ஆகவே இந்தச் சுற்று சீனாவுக்கு.

நீ கொரியாவின் பெருமையை எழுதுவதும் நான் சீனாவின் மானத்தைக் காப்பாற்றுவதும் ஐந்து வருடமாக நடக்கிறது. என்ன கூத்து பார். நாம் பேசுவது கொரிய மொழி, உண்பது கிம்ச்சி ஊறுகாய், கையில் இருப்பது சீன அடையாள அட்டை. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நமக்குப் பாதித் தோல்வி.

புத்தாண்டுக்கு யோங்ஜொங்கிலிருந்து சித்தியும் வொல்சனும் வந்திருந்தார்கள். வொல்சனுக்குப் பதினாலு வயதாகப்போகிறது, இன்னும் தன் அம்மாவின் முதுகில் ஒட்டிக்கொண்டுதான் உட்காருகிறாள். “ஸ்டாம்ப் மாதிரி ஒட்டாதடி, தபால்காரர் தூக்கிட்டுப் போயிடுவார்” என்றேன். அழுதுவிட்டாள்.

விசாவுக்காக நீ கட்டிக்கொண்ட அந்தக் காகிதப் புருஷன் எப்படி இருக்கிறார்? மழையில் நனையாமல் பார்த்துக்கொள், கிழிந்துவிடப் போகிறார். நீயும் அப்பாவும் விசாவுக்காகப் பிரிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதிகாரி “ஏன் பிரியறீங்க?” என்று கேட்டார். “இவ குறட்டை விடறா சார்” என்றார் அப்பா. நீ சிரிப்பை அடக்க முடியாமல் என் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாய். முத்திரை விழுந்ததும் மூன்று பேரும் கடைத்தெருவுக்குப் போய்க் குளிர் நூடுல்ஸ் சாப்பிட்டோம். உன் முட்டையையும் எனக்கே வைத்தாய். கல்யாண விருந்து பலருக்கும் கிடைக்கும், விவாகரத்து விருந்து எனக்குத்தான் கிடைத்தது.

அன்றைக்கு நீ சொன்னதும் நினைவிருக்கிறது: “நடுநிலைப் பள்ளியை முடி, உடனே உன்னை அங்கே கூட்டிக்கிறேன்.” அம்மா, ஜூலையில் முடிக்கிறேன். பெட்டியை இப்போதே கட்டலாமா?

இப்படிக்கு,
சீனாவின் மானம் காக்கும்
நான்ஹி

---

பூச்சோன்
மார்ச் 4, 2001

என் வாயாடிக் கண்ணுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் இடத்தில் ஈரக் கையோடு படித்தேன். சிரித்த சிரிப்பில் ஒரு கிண்ணம் போய்விட்டது. முதலாளி பெக் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

இங்கே எல்லாம் வேகம், எல்லாம் சுத்தம். பேருந்து சொன்ன நேரத்துக்கு வருகிறது (உன் அப்பாவிடம் சொல்லாதே). குழாயைத் திருகினால் வெந்நீர். கிம்ச்சி வைப்பதற்கென்றே தனி ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறது, நம் வீட்டுத் துணி அலமாரி உயரம். உறைபனியில் குழி தோண்டி ஜாடி புதைக்கும் வேலையே இல்லை.

மனுஷர்கள்தான் அப்படியில்லை. நான் வாயைத் திறந்தாலே “எந்த ஊரும்மா நீ?” என்பார்கள். “யான்ஜி” என்றால் “ஓ, சீனாவா” என்று பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நம் தாத்தா பாட்டன் மொழியைத்தானே நானும் பேசுகிறேன்? அதனால் இப்போது இந்த ஊர்ப் பேச்சைப் பழகிக்கொண்டேன். கடைக்குப் போனால் இப்போது யாரும் கேட்பதில்லை.

அந்த மனிதரை நான் பார்த்ததே இரண்டு தடவை, காகிதத்தில் கையெழுத்துப் போட. கிண்டல் வேண்டாம். கடைக்கு மேலே ஒரு அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு இருக்கிறேன். கடிதத்தின் பின்பக்கம் முதலாளி வீட்டுத் தொலைபேசி எண் எழுதியிருக்கிறேன். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும். சும்மா கூப்பிட்டால் என் வேலை போய்விடும்.

ஜூலை பற்றிக் கேட்டாய். பார்க்கிறேன் கண்ணே. இங்கே குடியுரிமை கைக்கு வரட்டும்.

தோல் சட்டை அனுப்பியிருக்கிறேன். கை நீளம் சரியாக இருக்கிறதா என்று எழுது. நீ வளர்ந்ததைக் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்.

முத்தங்களுடன்,
அம்மா

---

யான்ஜி
மே 20, 2001

அன்புள்ள அம்மா,

சட்டையின் கை எனக்கு முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. கணக்கில் நீயும் என்னைப் போலத்தான். வொல்சனுக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்குக் கச்சிதம்.

ஒரு சந்தேகம். மூன்று பெண்கள் படுக்கிற அறையில் அலமாரி உயர ஃப்ரிட்ஜை எங்கே வைத்தீர்கள்? நீங்கள் மூன்று பேரும் அதற்குள்ளேதான் தூங்குகிறீர்களா?

இங்கே பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒவ்வொருத்தராகக் கேட்டு வருகைப் பதிவு எடுத்தார்கள். “உங்க அப்பா?” “கொரியா.” “உங்க அம்மா?” “கொரியா.” “உங்க வீட்ல ரெண்டு பேரும்?” “ஒருத்தர் கொரியா, ஒருத்தர் ஜப்பான்.” பூகோள வகுப்பு தோற்றது. அப்போதுதான் எனக்கு ஒரு தொழில் யோசனை வந்தது. ஊரிலேயே இருக்கும் அப்பா என்றால் இங்கே அபூர்வப் பொருள். வாடகைக்கு விட்டால் என்ன?

விட்டேன். வாடகை, ஆளுக்கு ஒரு சீரகம் தூவிய ஆட்டுக்கறிக் குச்சி. அப்பா டிரைவர் சட்டையோடு வந்து, என் பக்கத்திலும் என் நண்பர்கள் பக்கத்திலும் மாறி மாறி உட்கார்ந்தார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“நீங்க யாருக்கு அப்பா?”

“இந்த வரிசைக்குங்க.”

“வரிசைக்கேவா?”

“நான் பஸ் டிரைவருங்க. ஏறினவங்க எல்லாரும் என் பொறுப்பு.”

வகுப்பே சிரித்தது. வாத்தியாருக்கும் உதடு துடித்தது, ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். “அப்பாவ வாடகைக்கு விட்ட. அடுத்த கூட்டத்துக்கு அம்மாவையும் கொண்டாந்து விடுவியோ?”

“அது இந்த ஊர்ல ஸ்டாக் இல்லீங்க சார்” என்றேன்.

அவர் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்பா அந்தக் கறிக் குச்சிகளைத் தொடவில்லை. “பிள்ளைங்க காசு” என்றார். ஆக எல்லாவற்றையும் நானே தின்று வயிற்றுவலி.

ஜூலைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் அம்மா.

இப்படிக்கு,
அப்பா வாடகை நிலைய உரிமையாளர்
நான்ஹி

---

பூச்சோன்
ஜூன் 10, 2001

கண்ணே,

இந்த வருடம் முடியாது. கோபப்படாதே. இங்கே சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வருடம் கண்டிப்பாக. நீ அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிடு. பள்ளிச் செலவு பற்றி அப்பா கவலைப்பட வேண்டாம்.

சட்டை வேறு அனுப்புகிறேன். இந்த முறை பெரியதாக.

அவசரத்தில் எழுதுகிறேன்.

அம்மா

---

யான்ஜி
ஜூலை 8, 2001

அன்புள்ள அம்மா,

முதலில் ஒரு சோகச் செய்தி. உங்கள் வீட்டுக்கு அரிசி குக்கர் பரிசு விழவில்லை.

ஞாபகம் வருகிறதா? போன சனிக்கிழமை மதியம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாளே, தேன் தடவிய சியோல் நகரப் பேச்சு? அது நான்தான். நாடகக் கேசட் பார்த்துப் பார்த்து நானும் உன்னைப் போல அந்த ஊர்ப் பேச்சைப் பழகியிருக்கிறேன். உன் முதலாளியைக் கொஞ்சம் கலாய்த்துவிட்டு, “சும்மா சொன்னேன், அம்மாகிட்ட குடுங்க” என்று கேட்பதுதான் திட்டம். உயிர் போகிற அவசரம் இல்லைதான். ஆனால் ‘அடுத்த வருடம்’ என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அப்படித் தோன்றியது.

பெக் எடுத்தார்.

“வணக்கங்க. பக்கத்து நாடுகளோட ஒப்பிட்டா நம்ம குடும்பங்களோட வாழ்க்கைத் தரம் எப்படி இருக்குன்னு ஒரு கணக்கெடுப்பு பண்றோம். ரெண்டு நிமிஷம் பேசலாமா?”

“பரிசு ஏதாச்சும் உண்டாம்மா?”

“குலுக்கல்ல அரிசி குக்கருங்க.”

“அப்ப கேளு, கேளு.”

“வீட்ல எத்தனை பேருங்க?”

“நான், எங்க வீட்டம்மா, பையன். பையனுக்கு ரெண்டு வயசு. டேய், ஒயரை இழுக்காத! அவன்தான்மா.”

முதலாளிக்குக் குடும்பம் இருக்காதா என்ன? நான் ஜாலியாகத் தொடர்ந்தேன். கிம்ச்சி ஃப்ரிட்ஜ் உண்டா என்றேன். உண்டாம், அலமாரி உயரமாம்.

“வீட்டம்மா இந்த ஊருங்களா?”

“சீனாவிலேர்ந்து வந்தவம்மா. யான்ஜி. நம்ம ஆளுங்கதான், வந்த புதுசுல பேச்சுல கொஞ்சம் மண்ணு ஒட்டியிருந்துச்சு. இப்ப நீயே கேட்டாலும் கண்டுபிடிக்க மாட்ட.”

எனக்கு அப்போதும் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அடுத்த கேள்வி தானாக வாயில் வந்தது.

“அவங்களுக்கு அங்க பிள்ளைங்க யாராச்சும்…?”

“அய்யய்யோ, பிள்ளையே இல்லாதவம்மா. இந்த வயசுல முதல் பிரசவம், நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? இரு, ரெண்டு நாட்டு வாழ்க்கையும் அவளுக்குத்தான் தெரியும், அவகிட்டயே கேளு.”

பிறகு உன் குரல். ஐந்து வருடத்துக்கு அப்புறம் உன் குரல், அம்மா. “சொல்லுங்க” என்றாய். மண் ஒட்டாத பேச்சு. நானும் மண் ஒட்டாமல் கேட்டேன்.

“இங்க வாழ்க்கை எப்படிங்க இருக்கு?”

“நல்லா இருக்கேங்க. ஒரு குறையும் இல்ல.”

“அங்க விட்டுட்டு வந்ததுல எதையாச்சும் நினைச்சு ஏங்குறீங்களா?”

உனக்குப் பின்னால் பையன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

“குளிர் நூடுல்ஸ்” என்றாய். “இங்க அந்த ருசி வரதில்லைங்க.”

“குளிர் நூடுல்ஸ்னு எழுதிக்கிட்டேங்க” என்றேன். “ஒத்துழைப்புக்கு நன்றி.”

தொலைபேசிக் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. நின்றபடியே காசை எண்ணிக் கொடுத்தேன்.

நீயும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. நானும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ரெண்டு பேரும் பிரமாதமாக நடித்தோம். வேடிக்கை பண்ணினால் சிரிக்க வேண்டும் என்பது என் கொள்கை. இன்னும் சிரிப்பு வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.

நான்ஹி

---

பூச்சோன்
ஜூலை 25, 2001

என் மகளே,

நீ என்ன திட்டினாலும் சரி, இதைக் கிழிக்காமல் முழுக்கப் படி.

விசா வாங்கிக் கொடுத்த தரகர் சொன்னார்: “குழந்தை இருக்குன்னா உனக்குக் கிடைக்காது. திரும்பி ஓடிடுவன்னு நினைப்பாங்க.” விசா அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் “குழந்தை உண்டா?” என்பார், நான் “இல்லை” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகச் சொன்னார். முதல் நாள் வாய் வரவில்லை. அடுத்த நாள் அழுகையோடு வந்தது. அதற்கும் அடுத்த நாள் சுலபமாக வந்துவிட்டது, நான்ஹி. அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

இங்கே வந்தால், நிஜக் கல்யாணமா என்று அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். அந்தக் காகிதப் புருஷன் பெக்தான்; அதனால் அவர் வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. ஒரே குவளையில் இரண்டு பல்துலக்கி. ஆறு மாதம் நடிப்பதாகத்தான் ஏற்பாடு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் கடையை மூடிவிட்டுக் கஞ்சி காய்ச்சினார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் எப்போதோ உன்னிடம் வந்திருப்பேன். ஆனால் அவரிடமும் “குழந்தை இல்லை” என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் சொல்லலாம், மறுநாள் சொல்லலாம் என்று தள்ளி, உன் தம்பி பிறந்துவிட்டான்.

உன் அப்பாவுக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது அவர்தான்.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கவனமாகக் கேள். என் தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள், அவளை இங்கே வைத்துப் படிக்கவைக்கலாமா என்று பெக்கிடம் கேட்டேன். தத்தெடுத்துக்கொள்ளவே தயார் என்றார். வொல்சன் பெயரில் பாஸ்போர்ட், அதில் உன் போட்டோ. சித்தி சம்மதித்துவிட்டாள், தரகரையும் பார்த்தாயிற்று. நீ இங்கே வந்து என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டால் போதும். உனக்குத் தனி அறை. வெந்நீர். நல்ல பள்ளிக்கூடம். அந்த ஊரில் அப்பாவின் இருமலைக் கேட்டுக்கொண்டு என்ன வாழ்க்கை வாழப் போகிறாய்? இரண்டு நாட்டையும் நீயே ஒப்பிட்டுப் பார்.

வெறும் ஒரு சொல்தானே கண்ணே. நாளாக ஆகப் பழகிவிடும்.

உன் அம்மா

---

யான்ஜி
ஆகஸ்ட் 12, 2001

அம்மா,

படித்தேன். பெற்றவளே தத்தெடுப்பது உலகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். என்னாலேயே இப்படி ஒரு வேடிக்கை யோசித்திருக்க முடியாது.

அப்பாவிடம் கேட்டேன். “உங்களுக்குத் தெரியுமா?” “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை.

போட்டோ கேட்டாயே. எடுத்துத் தரகரிடம் கொடுத்துவிட்டேன்.

நான்ஹி

---

பூச்சோன்
அக்டோபர் 2, 2001

என் தங்கமே,

எல்லாம் தயார் என்று தரகர் சொல்லிவிட்டார். பதினெட்டாம் தேதிக் கப்பல். தாலியனில் ஏறினால் மறுநாள் காலை இஞ்சோன். அறைக்கு மஞ்சள் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருக்கிறேன். பெக் உனக்கு மேஜை விளக்கு வாங்கி வந்தார். தம்பி “அக்கா, அக்கா” என்று பழகிக்கொண்டிருக்கிறான்.

ஒன்றே ஒன்று. துறைமுகத்தில் பெக்கும் வருவார். என்னைப் பார்த்ததும் அழாதே, ஓடிவந்து கட்டிக்கொள்ளாதே. அஞ்சாறு தடவைதான் பார்த்த பெரியம்மாவை யாரும் அப்படிக் கட்டிக்கொள்ள மாட்டார்கள். மெல்ல வந்து, குனிந்து வணக்கம் சொல். நானும் அப்படியே செய்கிறேன். வீட்டில் தனியாக இருக்கும்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் அம்மா என்று கூப்பிடு.

நீ எவ்வளவு உயரம் இருப்பாய் என்று கதவு நிலையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா

---

யான்ஜி
அக்டோபர் 15, 2001

வொல்சனின் பெரியம்மாவுக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண் வொல்சன். உங்கள் தங்கையின் நிஜ மகள். பாஸ்போர்ட்டில் இருப்பது அவள் பெயர், அவள் பிறந்த நாள், அவள் முகம். தரகரிடம் நான் கொடுத்தது அவளுடைய போட்டோதான். “உன்ன மாதிரி இல்லையே” என்று அவர் கேட்கவில்லை, அவருக்கு எல்லாப் பெண்களும் ஒன்றுதான். திரு. பெக் எதிரில் நீங்கள் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகச் சிரித்துக்கொண்டு நில்லுங்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

சித்தியிடம் போய்ச் சொன்னேன்: “பேரு உன் பொண்ணு பேரு. பொண்ணும் உன் பொண்ணாவே போகட்டும்.” சித்தி அழுதாள். பிறகு “அங்க போனாத்தான் நல்லா இருப்பா” என்றாள். இந்த ஊரில் எல்லோரும் இதே வரிசையில்தான் செய்கிறார்கள். வொல்சன் மட்டும் “பொத்தான அமுக்குனா தரை சுடுமாமே, நெசமாவாக்கா?” என்று கேட்டாள். நெசம்தான் என்றேன். நான் அவளிடம் பொய் சொல்வதில்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். அப்பாவோடு இருக்கிறேன். அவருக்கு இருமல் கூடியிருக்கிறது, அடுப்பை நானே மூட்டுகிறேன். இரண்டு நாட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். அங்கேதான் எல்லாமே மேல். ஒரு சந்தேகமும் இல்லை. இதில் இனி நான் உங்களோடு வாதாட மாட்டேன்.

வொல்சனைப் பற்றிச் சில விஷயங்கள். அவளுக்குக் காரம் ஆகாது. கிண்டல் செய்தால் அழுவாள், செய்யாதீர்கள். வந்த புதிதில் நன்றாகத்தான் இருப்பாள், ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடுவாள். பிறகு ஒரு நாள், எந்தக் காரணமும் இல்லாமல், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவைக் கேட்பாள். அப்போது துணி வாங்கித் தராதீர்கள், நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அது போதும். ஆனால் தயவு செய்து, “அடுத்த வருஷம் அம்மா வந்துடுவா” என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் நம்பிவிடுவாள்.

இப்படிக்கு,
வொல்சனின் அக்கா
நான்ஹி